முன்னால் உருளும் வண்டிக்குப் பின்னால் வைத்த கல்

1

இன்று காலை ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால் வாசலில் நின்ற என் காரைக் காணோம். கார் நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு மேடு இருந்தது. இந்த வருடத்தின் முதல் பனி. ஏற்காட்டில் மே மாதம் பிறந்தால் வருகிறவர்கள் எல்லோரும் "ரூமு இருக்குதுங்களா?" என்று கேட்பதுபோல, ஸ்வீடனின் இந்தச் சின்ன ஊரில் முதல் பனி விழுந்தால் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி, டயர் மாற்றியாச்சா என்பதுதான்.

குளிர்காலத்துக்கென்று இங்கே ஆணி பதித்த தனி டயர்கள் உண்டு. பனி ரோட்டில் சாதா டயரோடு போனால் அபராதம். பலரும் நான்கு டயர்களையும் ரிம்மோடு, முழுச் சக்கரமாகவே கொட்டகையில் அடுக்கி வைத்திருப்பார்கள். குளிர் வந்ததும் வாசலிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கி, அவர்களே மாற்றிக்கொள்வார்கள். வெயில் வந்ததும் மறுபடி பழையதை மாட்டுவார்கள். வீட்டு வேலைகளில் இதுவும் ஒன்று.

இன்று ஆபீசில் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டபோது நான் சிரித்த சிரிப்பில் அவர் பயந்துவிட்டார். போன வருடம் முதல் பனியன்று நானும் அப்பாவும் அடித்த கூத்து நினைவுக்கு வந்துவிட்டது. மலையில் இருக்கும் நண்பர்களுக்கு அதை எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று போனில் சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் ஓடிவிட்டது. இதோ எழுதிவிட்டேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். எனக்கு ஊர் ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேலத்தில் மெக்கானிக்கல் படித்தேன், இங்கே தண்ணீர்ப் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. அப்பா மஞ்சக்குட்டைக்கும் ஏற்காடு கடைவீதிக்கும் இடையில் ஷேர் ஜீப் ஓட்டியவர். ஜீப் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த பாயுடையது. அதனால் நான் இங்கே வாங்கிய பழைய சிவப்புக் கார்தான் எங்கள் குடும்பத்துக்கென்று வந்த முதல் வண்டி. அதில் அப்பாவையும் அம்மாவையும் ஒருமுறை உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்பது வாங்கிய நாளிலிருந்தே என் ஆசை.

இருவரையும் சேர்த்துத்தான் அழைக்க நினைத்தேன். அப்பாவிடம் லைசென்ஸ் இருந்தது, அதில் பிறந்த தேதி இருந்தது, பாஸ்போர்ட் சட்டென்று வந்துவிட்டது. அம்மாவிடம் எதுவும் இல்லை. எப்போது பிறந்தீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"மொளகு காயப் போட்டிருந்தப்பப் பொறந்தனுங்க" என்றாளாம் அம்மா.

"சரிங்கம்மா, அதுக்கு ஒரு தாள் வேணுமே" என்றாராம் அவர்.

அந்தத் தாளுக்காக மாமா எத்தனை ஆபீசில் ஏறி இறங்கினார் என்பது தனிக் கதை. அடுத்து விசா. அங்கே, போனால் திரும்பி வந்துவிடுவீர்களா என்ற கேள்வி. "வராம? ஆட்ட யாருங்க பாக்கறது?" என்று அம்மா திருப்பிக் கேட்டிருக்கிறாள். இதைவிட நல்ல பதிலை எந்த வக்கீலும் எழுதித் தந்திருக்க முடியாது.

ஆனால் இதெல்லாம் முடிவதற்குள் அப்பாவின் டிக்கெட் தேதி வந்துவிட்டது. மாற்ற முடியாத டிக்கெட். அப்பா முதலில் வந்தார். மூன்று வாரம் கழித்து அம்மா தனியாக வருவதாக ஏற்பாடு. சேலத்தைத் தாண்டி எங்கும் தனியாகப் போகாதவள். படிக்கத் தெரியாது, தமிழைத் தவிர வேறு பேச்சும் தெரியாது. நடுவில் விமானம் மாற்றிவிட ஆளுக்குச் சொல்லியிருந்தேன். இங்கே இறங்கி வெளியே வரும் கதவு வரைதான் அந்த உதவி. அதற்குப் பிறகு நாங்கள்.

அந்த மூன்று வாரமும் அப்பா ஊரைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு குறைதான். இந்த நாட்டில் வணக்கத்துக்கு 'ஹேய்' என்பார்கள்.

"ஏஞ்சாமி, பெரியவங்க சின்னவங்கன்னு இல்லாம எல்லாருமு ஏய்ங்கறாங்க. நா என்னமோ இவங்க ஊட்டு மாட்ட அவுத்துட்டு வந்தவனாட்டம்."

"அது மரியாதைதானுங்கப்பா."

"என்ன மரியாதையோ" என்பார். ஆனாலும் எதிரில் வரும் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி "வணக்கமுங்க" சொல்லாமல் ஒரு நாளும் விட்டதில்லை.

3

அம்மா ஞாயிறு காலை வந்து இறங்க வேண்டும். வெள்ளி இரவு பனி கொட்டிவிட்டது. சனி காலை ஊரிலிருந்த ஒர்க்‌ஷாப்புகளுக்கெல்லாம் போன் செய்தேன். முதல் பனியன்று டயர் மாற்ற இடம் கேட்கிற ஆளை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது குரலிலேயே தெரிந்தது. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். விமான நிலையம் மூன்று மணி நேரத் தொலைவு. ஞாயிற்றுக்கிழமையின் முதல் ரயில், அம்மா வெளியே வந்து வெகுநேரம் கழித்துத்தான் போய்ச் சேரும். குளிர்கால டயர்கள் கொட்டகையில் இருந்தன. காரை விற்றவர் கூடவே கொடுத்தது.

"நம்மளே மாத்திட்டாப் போச்சு" என்றார் அப்பா. "ஜீப்புக்கு மாத்தாத டயரா?"

என் வாசல் ரோட்டிலிருந்து கீழே பக்கத்து வீட்டுச் செடிவேலியை நோக்கிச் சரியும். கார் எப்போதும் மூக்கைக் கீழே வைத்துத்தான் நிற்கும். அன்றும் அப்படியே நின்றது. ஹேண்ட் பிரேக் போடவில்லை. குளிரில் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும், கியரில் விட்டாலே போதும் என்று என் முதல் குளிர்காலத்திலேயே ஆபீசில் சொல்லித் தந்திருந்தார்கள். அதை வேதவாக்காக வைத்திருந்தேன்.

"கல்லு போடோணுமே" என்று அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார்.

மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் என்பது சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி. வண்டி நின்றதும் யாராவது குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு ஒரு கல் போடுவார்கள். போட்டாயா என்று கேட்போமே தவிர எங்கே போட்டாய் என்று யாரும் கேட்டதில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது? மூட்டை ஏற்ற, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற என்று நம் வண்டிகள் நிற்பதெல்லாம் மேட்டில் ஏறும்போதுதான். இறங்கும்போது எவன் நிறுத்துகிறான்? ஆகவே கல்லுக்குப் பின் சக்கரத்தின் பின்பக்கம்தான் இடம்.

பக்கத்து வீட்டில் இங்கிரிட் என்று எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி தனியாக இருக்கிறார். அவருடைய பூப்பாத்தியைச் சுற்றி உருண்டைக் கற்கள் பதித்திருக்கும். அதிலிருந்து ஒன்றை அப்பா தேர்ந்தெடுத்தார். கையில் தூக்கி எடை பார்த்தார். ஒட்டியிருந்த பனியைச் சால்வை நுனியால் துடைத்தார். பின் சக்கரத்தின் பின்னால் வைத்து, காலால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கினார். பிறகு சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டி வேலை தொடங்கும்போது அப்படிச் செய்வது அவர் வழக்கம்.

ஜாக்கியை வைத்துச் சுற்றினால் கார் மேலே போகவில்லை, ஜாக்கி கீழே போனது. பனிக்கு அடியில் ஜல்லி, அதற்கும் அடியில் ஈர மண்.

"பலக ஒண்ணு கொண்டா சாமி."

வீட்டில் இருந்த ஒரே பலகை காய் நறுக்கும் பலகை. கொண்டு வந்தேன். அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார்.

"வெங்காய வாசம் வீசுது."

"காருக்கு மூக்கு இல்லீங்கப்பா."

அடுத்து, சக்கரத்து நட்டு அசைய மறுத்தது. நான் ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கினேன். அப்பா என்னைத் தள்ளிவிட்டு, ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தார். நட்டு கழன்றது, அப்பாவும் கழன்று பனிக்குள் மல்லாக்க விழுந்தார். "பஞ்சு மெத்தையாட்டம் நொம்ப நல்லா இருக்குது, நீயுமு ஒருக்கா உழுந்து பாரு" என்றார் படுத்தபடியே.

இப்படியாகப் பின் சக்கரங்கள் இரண்டையும் மாற்றிவிட்டோம். எங்களுக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு முறையும் அப்பா மறக்காமல் கல்லை மற்ற பின் சக்கரத்துக்கு மாற்றி வைத்தார். பின்னால்தான்.

மூன்றாவது, வலது முன் சக்கரம். தூக்கி, நட்டுகளைக் கழற்றி, சக்கரத்தை எடுத்துக் காருக்கு அடியில் படுக்கப் போட்டேன். ஜாக்கி நழுவினால் அடிபடாமல் இருக்க நம் ஜீப்காரர்கள் செய்வது. குளிர்கால டயரை உருட்டி வரக் கொட்டகைக்குத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் ஜல்லி நெறுநெறுவென்றது.

"அப்பா, வண்டி போகுதுங்க!"

"போகாது சாமி. கல்லு போட்டிருக்கறன்."

"போகுதுங்கப்பா!"

"எப்பிடிப் போகும்? அத்தாச்சோடு பெரிய கல்லு..."

ஜாக்கி சாய்ந்தது. காய்ப் பலகை படாரென்று இரண்டானது. கார் மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல் முன்னால் போய், அடியில் கிடந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, மூக்கை இங்கிரிட்டின் செடிவேலிக்குள் நுழைத்துக்கொண்டு நின்றது.

நாங்கள் இருவரும் காரின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். கல் வைத்த இடத்திலேயே இருந்தது. கார்தான் அதை விட்டுவிட்டுப் போயிருந்தது.

என் காரில் முன் சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கும். அதில் ஒன்றைத் தூக்கிவிட்டால் அந்தப் பக்கம் சும்மா சுழலும், கியரின் பிடிப்பு போய்விடும். இது எனக்குத் தெரியாததல்ல. டிஃபரன்ஷியல் என்று கல்லூரியில் ஒரு பாடமே இருந்தது. நல்ல மார்க்கும் வாங்கினேன். பரீட்சைத் தாளில் வண்டி சரிவில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

4

அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். மாமா அவளை பெங்களூர் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"எடுக்காத" என்றார் அப்பா.

"எடுக்கலீன்னா பயந்துக்குமுங்க."

அப்பா போனை வாங்கி வானத்தைப் பார்த்துப் பிடித்தார்.

"ஏனுங்க, வெறும் வெள்ளையாத் தெரியுது? மூஞ்சியக் காட்டுங்க."

"பனி புள்ள. எங்கெங்கயுமு பனி. நீ எங்க இருக்கற?"

"மலையெறங்கிக் குப்பனூர்ல டீ குடிச்சிட்டுக் கெளம்பியாச்சு. உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?"

"குளுரு."

"கண்ணு எங்க?"

"இங்கதான் இருக்கறம்மா" என்றேன்.

"வண்டியெல்லாம் ரெடியா? நா கதவத் தொறந்துட்டு வர்றப்ப ரெண்டு பேருமு முன்னால நிக்கோணும். அந்த ஊர்ல எனக்கு உங்க ரெண்டு மூஞ்சியத் தவுத்து ஒரு மூஞ்சியுந் தெரியாது, ஆமா."

"வண்டி கல்லாட்டம் நிக்குது" என்று அப்பா போனை வைத்தார். வைத்ததும் அவர் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது. கோணிப்போன ஜாக்கியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இனி அது எதையும் தூக்காது. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. இந்த மாதத்தில் இங்கே மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

"நாலு ஆளு இருந்தா ஒரு கை தூக்கிறலாஞ் சாமி. கூப்புடு."

"இங்கெல்லாம் அப்படித் திடீர்னு கதவு தட்ட மாட்டாங்கப்பா. முதல்ல மெசேஜ் அனுப்பி, நேரம் கேட்டு..."

"வண்டி வேலில கெடக்கறப்ப மெசேஜா?"

அவர் ரோட்டுக்கு ஏறிப் போனார். தெருமுனையில் பஸ் நிறுத்தம். நம் மலை பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், வழியில் ஒரு வண்டி பள்ளத்தில் கிடந்தால் பாதி பஸ் தானாக இறங்கிவிடும். டிரைவரே இறங்கி வந்து அதட்டுவார். அப்பாவுக்குப் பஸ் நிறுத்தம் என்றால் ஆட்கள் கிடைக்கும் இடம். எனக்கோ தலைகுனிவாக இருந்தது. இந்த ஊரில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் நாலு எட்டுத் தள்ளித் தள்ளி நிற்பார்கள். அவர்களிடம் போய், பாஷை தெரியாமல், குரங்குக் குல்லாயும் சால்வையுமாக ஒரு மனிதர் என்ன செய்வார்?

கொஞ்ச நேரத்தில் திரும்பினார். பின்னால் நான்கு பேர். உயரமான ஒரு பையன், சாயம் பூசிய தலைமுடியோடு அவன் தோழி, கைப்பையோடு ஒரு நடுத்தர வயதுக்காரர், நர்ஸ் உடுப்பின் மேல் கோட்டு மாட்டிய ஒரு பெண். "பஸ் வர இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது" என்றார் கைப்பைக்காரர், வந்ததற்கே மன்னிப்புக் கேட்கிற தொனியில்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டீங்கப்பா?"

"ஏய்ன்னேன்."

அதே நேரம் பக்கத்து வீட்டுக் கொட்டகைக் கதவும் திறந்தது. இங்கிரிட், சக்கரம் வைத்த பெரிய ஜாக்கி ஒன்றைப் பனியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். மகன் விட்டுப்போனதாம். ஆனால் அடியில் கிடந்த சக்கரத்தின் மேல் கார் அழுந்தி அமர்ந்திருந்ததால் ஜாக்கி உள்ளே நுழையவில்லை. ஒரு சாண் தூக்கினால் போதும்.

எல்லோரும் குனிந்து பிடித்தோம். இங்கிரிட் அவர் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணத் தொடங்கினார். அவர் ஒன்று என்றபோதே அப்பா தனியாளாகத் தூக்கினார். மற்றவர்கள் மூன்றுக்குத் தூக்கியபோது அப்பா இறக்கிவிட்டிருந்தார். மறுபடி நான் எண்ணினேன், அதற்கும் கைப்பைக்காரர் பிந்தினார். கடைசியில் அப்பா எல்லோரையும் கையமர்த்தினார். "எண்ணவே வேண்டாங்க. எம்மூச்சப் பாருங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தார். ஐந்து ஸ்வீடன்காரர்களும் கூடவே இழுத்தார்கள். "ஹா!" என்றார். கார் எழுந்தது. நான் ஜாக்கியை உள்ளே தள்ளினேன்.

பஸ் வருவது தெரிந்ததும் நான்கு பேரும் ஓடினார்கள். அந்தப் பையன் ஓடிக்கொண்டே திரும்பி, இரு கையையும் கூப்பி "வணக்கமுங்கே" என்று கத்தினான்.

இங்கிரிட் போகவில்லை. தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார்: "நான் காலையிலிருந்து ஜன்னலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல் தப்பான பக்கத்தில் இருக்கிறதே என்று சொல்ல ஓடி வந்திருப்பேன். ஆனால் உன் அப்பா அதைத் துடைத்து வைத்து, பிறகு சக்கரத்தைக் கும்பிட்டார். உங்கள் வழிபாட்டில் நான் தலையிடக் கூடாது என்று இருந்துவிட்டேன்."

நான் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தம்மாகிட்டச் சொல்லு சாமி. கல்ல முன்னால வெச்சுக் கும்புட்டிருந்தா அந்தச் சாமியுமு காப்பாத்தியிருக்கும். பொறத்தால வெச்சா அது என்ன பண்ணும், பாவம்?"

மீதி வேலையில் இங்கிரிட்டும் சேர்ந்துகொண்டார். பூப்பாத்தியிலிருந்து இன்னும் இரண்டு கற்களைக் கொண்டு வந்து சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் வைத்தார். பிறகு அப்பா செய்தது போலவே சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் வைத்து, சரியா என்பதுபோல அவரைப் பார்த்தார். அப்பா மெக்கானிக் மாதிரி சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இருட்டுவதற்குள் நான்கு டயரும் மாட்டி முடிந்தது. செடிவேலியில் ஒரு கார் மூக்கின் அளவுக்கு ஓட்டை. இரண்டு வீட்டுக்கும் போகவர அதுதான் இப்போது குறுக்கு வழி.

5

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே கிளம்பினோம். ஆணி டயர் ரோட்டில் கரகரவென்று ஓடியது. பாதி வழியில் பனி தள்ளும் லாரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டது. அதை முந்த வழியில்லை. அப்பா கடிகாரத்தையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆரன் அடி" என்றார். "இங்க அடிக்க மாட்டாங்கப்பா" என்றேன்.

அம்மாவின் விமானம் இறங்கி வெகுநேரம் ஆன பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். காரை நிறுத்திவிட்டு ஓடினோம். அப்பா அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. "வழி கேக்கக்கூடத் தெரியாதே சாமி அவளுக்கு" என்று ஓட்டத்திலேயே சொன்னார்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. பயணிகள் வெளியே வரும் தானியங்கிக் கதவின் நட்டநடுவில், கருநீலப் புடவை மேல் மாமாவின் ஸ்வெட்டரும் காதைச் சுற்றி மஃப்ளருமாக, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். கதவு மூட வரும், அம்மாவைக் கண்டதும் பின்வாங்கும், மறுபடி மூட வரும். கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. சீருடை போட்ட ஒரு காவலர் குனிந்து, கையால் ஓரத்தைக் காட்டி, கெஞ்சாத குறையாக ஏதோ சொன்னார்.

"இல்லீங்க தம்பி" என்றாள் அம்மா நிதானமாக. "வந்த எடத்துலயே அசையாம நிக்கோணும்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லியிருக்காருங்க. நா நவுந்தா அவருக்குத் தெரியாதுங்க. பாவம், புது ஊரு."

அப்பா மூச்சிரைக்கப் போய் அவள் முன்னால் நின்றார். தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கறீங்க" என்றாள். பிறகு என் கன்னத்தை இரு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். காவலர் எங்களைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

காருக்கு வந்ததும் அம்மா தானாகப் பின் கதவைத் திறந்தாள். அப்பாவின் ஜீப்பில் முன் சீட்டு எஸ்டேட் ரைட்டருக்கும் டீச்சருக்கும்தான். டிரைவர் பெண்டாட்டிக்கு இடம் பின்னால், மூட்டைகளோடு. அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"முன்னால ஏறு புள்ள."

"முன்னாலயா? ஆராச்சும் வருவாங்கங்க."

"ஒருத்தரும் வர மாட்டாங்க. ஏறு."

அம்மா ஏறினாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே விரிந்த கண்ணாடியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒருமுறை பார்த்தாள். அப்பா பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். சாவியைத் திருகினேன். பின் கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு.

"போலாம் ரைட்!"

அம்மா திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"பொறத்தால ஒரு ஆளு ஏறியிருக்கறாராட்டம் இருக்குது" என்றாள் என்னிடம். "காசு குடுத்தாரான்னு கேட்டுட்டு எடு கண்ணு."